பிறவிக் குறையா, கடல் குறையா? பழைய கெட்டில் கிரில் வாங்கும்முன்

கரி போட்டு, மூடி கவிழ்த்து மீனும் கறியும் வாட்டும் அடுப்புதான் கெட்டில் கிரில். புதுச்சேரிப் பக்கம் பழையது கண்ணில் படும் இடங்கள் கொஞ்சம்தான். ஆரோவில் ஓரம் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊர் திரும்புகிறவர்கள் விற்பது, ஈ.சி.ஆர். விடுதிகள் கழித்துக்கட்டுவது, எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய மிக்ஸிக்கும் சைக்கிள் செயினுக்கும் நடுவே கிடக்கும் ஒற்றைச் சட்டி. பார்த்ததும் எல்லாரும் கேட்பது "துருப் பிடிச்சிருக்கா?" என்றுதான். அது இரண்டாவது கேள்வி. இந்தக் குறை ஃபேக்டரியிலேயே பிறந்ததா, இங்கே கடற்கரைக்கு வந்தபிறகு சேர்ந்ததா என்பதை முதலில் கேட்க வேண்டும்.

காரணம் எளிது. ஃபேக்டரிக் குறை பெரும்பாலும் வளராது. உலையிலிருந்து வெளியே வந்த அன்று எந்த அளவில் இருந்ததோ, நாற்பது வருடம் கழித்தும் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். உப்புக்காற்று உண்டாக்கிய குறை அப்படியில்லை, ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகைக்கும் ஒரு சுற்று பெருக்கும். விலை பேசுவதும், எதைச் சரிசெய்வது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்பதும் இதைப் பொறுத்தே. சில பிறவிக் குறைகள் மட்டும் கடற்காற்றுக்குக் கதவைத் திறந்துவிடும். பயப்பட வேண்டியது அவற்றுக்குத்தான்.

கெட்டில் என்றதும் டீ கெட்டிலை நினைக்க வேண்டாம். அரைக்கோளமாக ஒரு சட்டி, மேலே கவிழ்த்த அரைக்கோளமாக ஒரு மூடி, மூன்று கால், சட்டிக்கு அடியிலும் மூடிக்கு மேலும் திறந்து மூடும் காற்றுவாய்கள். 1952-இல் சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், அங்கே தயாரான கடல் மிதவையின் இரண்டு பாதிகளை வைத்து இந்த வடிவத்தைக் கொண்டுவந்தார். கடலில் மிதக்கப் பிறந்த உருவம்தான், ஆனால் கடற்காற்று ஆகாது. பிறகு பல கம்பெனிகள் இதே வடிவத்தில் செய்தன. வயதை மதிப்பிட ஒரு வழி உண்டு. 1979 முதல் வெபர் மூடியின் காற்றுவாய்த் தகட்டில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தைப் பொறித்தார்கள். எழுத்தே இல்லாத பழைய தகடு என்றால் அதற்கு முந்தையது என்று கொள்ளலாம். ஆனால் அந்த எழுத்து மூடியின் வயதை மட்டும்தான் சொல்லும். சட்டி வேறு வருடம், மூடி வேறு வருடம் என்று ஜோடி சேர்த்து விற்பது சகஜம். மூடி சரியாக உட்காரவில்லை என்றால் ஃபேக்டரியைத் திட்டுவதற்கு முன் இதைச் சந்தேகிக்கவும்.

அடியில் மூன்று துளைக்கும் மூன்று தனித்தனித் தகடு இருந்தால் பழைய அமைப்பு. மூன்றையும் ஒரே பிடியால் திருப்பும் அமைப்பு 1980-களில் வந்தது. இரண்டிலும் வரும் கோளாறு வேறுவேறு, அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் மேற்பூச்சு. இதைப் பெயின்ட் என்று நினைத்தால் எல்லாக் கணக்கும் தப்பும். பழைய எனாமல் தட்டு, எனாமல் டம்ளரில் இருந்த அதே சமாச்சாரம்தான், அதாவது கண்ணாடி. கார்பன் குறைந்த இரும்புத் தகட்டை அச்சில் அழுத்திச் சட்டியாக்கி, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, கண்ணாடித் தூளைத் தண்ணீரில் கரைத்த குழம்பைத் தெளித்தோ முக்கியோ எடுத்து, உலர்த்தி, கொக்கியில் தொங்கவிட்டு 800 டிகிரி செல்சியஸ் அளவிலான உலையில் சில நிமிடம் சுடுவார்கள். அடிப்பூச்சில் கோபால்ட், நிக்கல் ஆக்சைடு சேர்ப்பது கண்ணாடி இரும்பைக் கவ்விக்கொள்வதற்காக. நிறம் வேண்டுமென்றால் அதன்மேல் இன்னொரு பூச்சு, இன்னொரு சுடுதல்.

இந்த வேலைமுறை தெரிந்தால் அடையாளம் காணும் வழி தானே வந்துவிடும். குறையின் மேல் எனாமல் முழுசாக ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். பள்ளமோ மேடோ கோணலோ, அதன்மேல் கண்ணாடி உடையாமல் பளபளவென்று போர்த்தியிருந்தால் அது சுடுவதற்கு முன்பே இருந்தது, பிறவிக் குறை. கண்ணாடி உடைந்து இரும்பு தெரிந்தால் பெரும்பாலும் பிறகு வந்தது. தென்னை மரத்தடியில் நின்ற கிரில் மூடியில் தேங்காய் விழுந்திருந்தால் நடுவில் ஒரு பள்ளம், அதைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல், உள்பக்கத்தில் அதே இடத்தில் புடைப்பு தெரியும். "கம்பெனிலயே இப்படித்தாங்க வந்துச்சு" என்று விற்பவர் சொன்னால் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இந்த விதிக்கு இரண்டு விலக்கு. ஒன்று, தொங்கவிட்ட கொக்கி பட்ட இடம். அங்கே ஃபேக்டரியிலேயே எனாமல் மெலிந்தோ இல்லாமலோ இருக்கும். மூடி விளிம்பு, கைப்பிடித் துளை ஓரம் இங்கெல்லாம் சிறு புள்ளியாகத் துரு இருந்தால் பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்றுதான் பலரைக் குழப்புவது. மீன் செதில் போல, அரைப்பிறை வடிவில், நகத்தளவோ அதற்குச் சிறிதோ ஆங்காங்கே எனாமல் தெறித்திருக்கும். அடிபட்ட பள்ளம் இருக்காது, நட்சத்திர விரிசலும் இருக்காது. எனாமல் தொழிலிலும் இதற்கு மீன் செதில் என்றுதான் பெயர். உலைச் சூட்டில் ஈரம் இரும்போடு வினைபுரிந்து ஹைட்ரஜன் உண்டாகும். சூடான இரும்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆறும்போது அவ்வளவு ஹைட்ரஜனை இரும்பால் வைத்துக்கொள்ள முடியாது. வெளியே போகப் பார்க்கும், மேலே கண்ணாடி இறுகிவிட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே அழுத்தம் கூடி ஒருநாள் செதில் தெறிக்கும். சுட்ட சில மணிநேரத்தில் நடக்கலாம், மாதக்கணக்கில் கழித்தும் நடக்கலாம். ஆகவே பெட்டியைப் பிரிக்கும்போது குறையில்லாமல் இருந்த கிரில் கிடங்கில் நின்றபடியே செதில் உதிர்த்தது என்றால் நம்பலாம். பல பத்தாண்டு ஓடிய பண்டத்தில் புதிதாக உதிர்வது அபூர்வம். ஆனால் ஏற்கெனவே உதிர்ந்த ஒவ்வொரு பிறையும் கடற்காற்றுக்கு ஒரு வாசல். தாழங்குடாவிலோ குருசுக்குப்பத்திலோ வைத்துப் புழங்கப்போகிறீர்கள் என்றால் அவற்றை எண்ணிப் பாருங்கள். பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. சட்டி முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி இருந்தால் விட்டுவிடுவது நல்லது.

மற்ற எனாமல் குறைகள் சீக்கிரம் சொல்லி முடியக்கூடியவை. எனாமலுக்கு அடியில் மணல் போன்ற முடிச்சு இருந்தால் உலைக் கூரையிலிருந்து விழுந்த தூசியோ சுடுமுன் ஒட்டிய அழுக்கோதான், தீங்கில்லை. நிறம் திட்டுத்திட்டாக இருப்பது பூச்சு சீராக விழாததால், அதுவும் தீங்கில்லை. செம்பழுப்புப் புள்ளி கண்ணாடிக்கு உள்ளேயே இருந்து நகத்துக்கு அகப்படாவிட்டால், அது அடிப்பூச்சில் இரும்பு ஆக்சைடு மிஞ்சியதால் வந்த கறை. துருவா கறையா என்று சந்தேகமிருந்தால் கெட்டிப் புளித்தண்ணீரைப் பத்து நிமிடம் தடவி வைத்துத் துடையுங்கள். துரு கொஞ்சமாவது வெளுக்கும், இந்தக் கறை அசையாது.

வழிசல் அவ்வளவு சாதுவானது இல்லை. குழம்பு கீழே வடிந்து விளிம்பில் தடித்துச் சுட்டிருந்தால் அந்தத் தடிப்பு முதலில் உடையும். எனாமல் மெல்லியதாக இருக்கும்வரைதான் இரும்போடு சேர்ந்து சூட்டுக்கு விரிந்து சுருங்கும். மூடி உட்காரும் விளிம்பில் இருந்தால் மூடி ஒரு பக்கம் தூக்கி நிற்கும். இதை அரத்தால் ராவலாம் என்று தோன்றும். வேண்டாம், ஒரு இழுப்பில் அரை அங்குலத்துக்குப் பேர்ந்துவிடும். 400 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, விளிம்பின் போக்கிலேயே பொறுமையாகத் தேய்த்தால் மேடு குறையும். உலர் தேய்ப்பு கூடவே கூடாது. பழைய சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு எனாமல்களில் காட்மியம் சேர்ந்த நிறமி இருக்க வாய்ப்பு அதிகம், பழைய கண்ணாடிப் பூச்சில் ஈயமும் இருக்கலாம். முகக்கவசம் போட்டு, ஈரத்திலேயே தேய்த்து, வழிந்த சேற்றைப் பழைய துணியால் துடைத்துக் கட்டிப் போடுங்கள். சமையல்கட்டுத் தொட்டியில் கழுவ வேண்டாம்.

ஊசித்துளை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நம் ஊரில் கிரில்லைக் கொல்வது அதுதான். சுடும்போது இரும்பிலிருந்த கார்பன் வாயுவாகக் குமிழியிட்டு வெளியேறிய தடம் அது. உள்நாட்டு வறண்ட ஊரில் முப்பது வருடம் சும்மா இருந்த ஊசித்துளை, இங்கே இரண்டு மழைக்காலத்தில் கொப்புளமாகும். கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியனின் மல்டிமீட்டர் போதும். கண்ணாடி மின்சாரம் கடத்தாது என்பதுதான் சூட்சுமம். மீட்டரை 2 மெகா ஓம் அளவில் வையுங்கள். ஒரு முனையைக் கைப்பிடி போல்ட் துளையில் சுரண்டிய வெற்று இரும்பில் மாட்டுங்கள். இன்னொரு முனையை உப்புத்தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சிறு ஸ்பாஞ்சில் குத்தி, சட்டியின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். எனாமல் நன்றாக இருக்கும் இடத்தில் மீட்டர் எதுவும் காட்டாது. துளை வந்ததும் எண் ஓடும். ஸ்பாஞ்சு சொட்டச் சொட்ட இருந்தால் தண்ணீர் போல்ட் வரை வழிந்து பொய்யாகக் காட்டும், அதனால் பிழிந்தே பயன்படுத்துங்கள். மீட்டர் இல்லையென்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் கல்லுப்புக் கரைத்து, பழைய வேட்டித் துண்டை நனைத்துப் போர்த்தி ஒருநாள் விடுங்கள். இரும்பு திறந்திருக்கும் இடத்தில் துணியில் பழுப்புப் புள்ளி விழும். வாங்கும் இடத்தில் இதைச் செய்ய விடமாட்டார்கள். வாங்கிய பிறகு எங்கே கவனம் வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே இது.

மூடிக்குள் கறுப்பாகச் செதில் செதிலாக உரிவதைப் பார்த்து "உள்பெயின்ட் போயிடுச்சு" என்று பாதி விலைக்குக் கேட்கிறவர்கள் உண்டு. கேளுங்கள், தப்பில்லை. ஆனால் உரிவது பெயின்ட் கிடையாது. கொழுப்பும் புகையும் படிந்து கரியானது. பித்தளைப் பிரஷ்ஷோ கசக்கிய அலுமினியத் தாளோ கொண்டு தேய்த்தால் கீழே எனாமல் பளிச்சென்று இருக்கும்.

இனி வட்டம். உலையில் தொங்கும்போது தகடு அந்தச் சூட்டில் இளகித் தன் எடையாலேயே சற்று இழுபடும். சட்டி ஒரு பக்கமும் மூடி இன்னொரு பக்கமும் முட்டை வடிவுக்குப் போனால் நடுவில் சந்து விழும். அளக்க டெய்லர் டேப் போதும். 57 செ.மீ. சட்டியின் குறுக்களவை 45 டிகிரிக்கு ஒரு தடவையாக நான்கு திசையில் எடுங்கள். பெரியதற்கும் சின்னதற்கும் 3, 4 மி.மீ. வித்தியாசம் இருந்தால் சாதாரணம். 7, 8 மி.மீ. தாண்டினால் சமையலில் தெரியும். ராத்திரியில் சட்டிக்குள் டார்ச்சைப் போட்டு மூடினால் சந்து எங்கே என்று வெளிச்சமே காட்டிக்கொடுக்கும்.

டிங்கரிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கார் தகடு வளையும், கண்ணாடி போர்த்திய தகடு வளைந்தால் உதிரும். முதலில் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள். இரண்டு கோணலும் ஒன்றோடொன்று பொருந்தும் ஒரு நிலை பெரும்பாலும் கிடைக்கும். அங்கே சட்டியிலும் மூடியிலும் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிட்டால் வேலை முடிந்தது. மிச்சச் சந்தை நாலைந்து முறை சமைத்தால் கொழுப்புக் கரியே அடைத்துவிடும். அப்போதும் அடையாவிட்டால், பாய்லர் சாமான் விற்கும் கடையில் கண்ணாடிநார்ப் பட்டை கிடைக்கும், அதைச் சூடு தாங்கும் சிலிகான் பசையால் மூடி விளிம்பில் ஒட்டலாம். பழைய இருப்பென்று ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றை எடுத்துக் கொடுத்தால் வாங்க வேண்டாம், சாப்பாட்டுப் பக்கம் அது வரவே கூடாது.

காற்றுவாய்க்கு வருவோம். கெட்டிலின் முழு வித்தையும் இங்கேதான், காற்றைக் குறைத்தால் சூடு குறைய வேண்டும். தனித்தகடு வைத்த பழைய சட்டிகளில் ரிவெட் துளை நடுவிலிருந்து 2 மி.மீ. நகர்ந்து விழுந்திருந்தால் தகடு எவ்வளவு திருப்பினாலும் ஒரு கீற்று திறந்தே இருக்கும். துளை ஓரத்தில் எனாமல் தடித்திருந்தால் தகடு சட்டியோடு ஒட்டாமல் தூக்கும். ஒரே பிடி அமைப்பில் வேறு பிரச்சினை. பிடியோடு சேர்ந்து உள்ளே சுற்றித் துளைகளை மூடும் மூன்று இறக்கைத் தகடும் சட்டியின் உள்வளைவுக்கு ஏற்ப வளைந்திருக்க வேண்டும். ஒன்று வளைவு குறைந்தால் அது மட்டும் அந்தரத்தில் நின்று சாம்பலும் தள்ளாது, காற்றும் மூடாது.

சோதிக்க ஒரு கிலோ சவுக்குக் கரியை நன்றாகப் பற்றவைத்து, மேல் சாம்பல் வெளுத்ததும் மூடியைப் போட்டு மேலும் கீழும் எல்லா வாயையும் அடையுங்கள். ஒரு மணிநேரத்தில் கரி அணைந்து, பாதிக்கு மேல் மிஞ்ச வேண்டும். அத்தனையும் சாம்பலாகியிருந்தால் எங்கோ காற்று போகிறது. பால்கனியில் நின்று தென்றல் வாங்கும் ஊர் இது, பிற்பகலில் கடற்காற்று எழும்பியதும் ஒரு கீற்றுச் சந்துகூடத் துருத்தி ஊதுவது மாதிரிதான். அடியில் எந்த வாய் ஒழுகுகிறதோ அதைக் கடலுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தாலே பாதிப் பிரச்சினை போகும். 120 டிகிரியில் ஆட்டுக்காலை நாலு மணிநேரம் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் இந்தத் துல்லியம் முக்கியம். வஞ்சிரம் துண்டோ சங்கராவோ திறந்த கனலில் வாட்டி எடுப்பவர்களுக்கு இது ஒரு குறையே இல்லை.

சரிசெய்வதென்றால் இப்படி. இரும்பு துளைக்கும் பிட்டால் பழைய ரிவெட்டின் தலையை மெதுவாகத் துளைத்து எடுங்கள். டிரில்லை ஹேமரில் போட்டால் சுற்றிலும் எனாமல் போய்விடும், சாதா சுழற்சியிலேயே வைக்கவும். ரிவெட் துளைக்குப் பொருந்தும் எஸ்.எஸ். (எவர்சில்வர்) போல்ட், இரண்டு பக்கமும் எஸ்.எஸ். வாஷர், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நட். உள்ளே நைலான் வளையம் வைத்த நட் போட்டால் முதல் தீயிலேயே உருகிப் போகும். ஜி.ஐ. வாஷரும் வேண்டாம், கனல் படும் இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து புகையும், அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது. துளை நடுவில் இல்லையென்றால் புது ரிவெட் மட்டும் பயன் தராது. 1 மி.மீ. எஸ்.எஸ். தகட்டில் பழையதைவிட 6, 7 மி.மீ. பெரிய விசிறித் தகடாக வெட்டிப் போடுங்கள், முதலியார்பேட்டையிலோ மஞ்சக்குப்பத்திலோ தகர வேலை செய்பவர் யாரும் வெட்டிக் கொடுப்பார். ஒட்டாத இறக்கையைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துச் சட்டியோடு பொருத்தலாம், அதில் எனாமல் கிடையாது.

கால்கள்தான் விலை பேச வேண்டிய இடம். மூன்று கால் பண்டம் எந்தத் தரையிலும் ஆடாது, அதனால் கால் கோணலை யாரும் கவனிப்பதில்லை. ஆட்டத்தைத் தேடாமல் சரிவைத் தேடுங்கள். சமதளத்தில் நிறுத்தி, கம்பித்தட்டின் மேல் எவர்சில்வர் தாம்பாளம் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். கால் செருகும் குழலைச் சட்டியில் பற்றவைக்கும்போதே கோணம் தப்பியிருந்தால் இப்படி ஆகும். 1 செ.மீ. சரிவு ஒன்றும் செய்யாது, கொழுப்பு ஒரு பக்கமாக வடியும், அவ்வளவுதான். குட்டைக் காலுக்கு அடியில் ரப்பர் புஷ் ஒன்று செருகினால் தீர்ந்தது.

அதே குழலில் இன்னொரு பிறவிக் குறை உண்டு, அதை விடக்கூடாது. குழல் சட்டியைத் தொடும் மடிப்புக்குள் எனாமல் குழம்பு சரியாகப் போயிருக்காது. உள்ளே வெற்று இரும்பு. வெளியே பளபளப்பு. உப்பும் ஈரமும் அங்கே தங்கி உள்ளிருந்து அரிக்கும். கூடவே கால் அலுமினியம், குழல் இரும்பு. உப்புத்தண்ணீர் நடுவில் நின்றால் இரண்டு உலோகமும் ஒரு சின்ன பாட்டரி ஆகிவிடும், அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்து, உப்பிக் குழலை இறுக்கிக்கொள்ளும். கால் கழலவில்லை என்றால் முறுக்கி இழுக்காதீர்கள், குழலே கையோடு வரும். மண்ணெண்ணெயோ துரு எண்ணெயோ விட்டு இரண்டு நாள் ஊறவைத்து, மரக்கட்டையால் தட்டி, இடவலமாகச் சிறிது சிறிதாகத் திருப்பி எடுங்கள். திரும்பச் செருகும்போது காலில் கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள். வாங்கும்முன் ஸ்குரூ டிரைவர் முனையால் குழலின் அடியைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். 'டிங்' என்றால் சரி. 'பொத்' என்று உள்ளே போனால் அது பழைய இரும்புக் கடை விலைதான்.

குழல் ஒன்று போயிருந்தாலும் சட்டி நன்றாக இருந்தால் கைவிட வேண்டாம். வெல்டிங் வைத்தால் சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்கு எனாமல் தெறிக்கும், அதனால் கால்களையே கழித்துவிடுங்கள். 12 மி.மீ. கம்பியில் ஒரு வளையம், மூன்று கால், அண்டாவுக்குச் செய்யும் முக்காலி மாதிரியே, உயரம் மட்டும் 60 செ.மீ. பானைக்குப் பிரிமணை போலச் சட்டி அதில் உட்காரும். வளையத்தின் குறுக்களவு 40 செ.மீ. வாக்கில் இருந்தால் அடிக் காற்றுவாய்களை மறைக்காது. ஆனாலும் உங்கள் சட்டியை அளந்துவிட்டே பட்டறைக்குச் சொல்லுங்கள். சாம்பல் தட்டு தனியாகக் கீழே வைத்துக்கொள்ளலாம்.

பெயர்ந்த இடத்துக்கு என்ன பூசுவது? எனாமலை வீட்டில் திரும்ப ஏற்ற முடியாது. பவுடர் கோட்டிங் செய்து தருகிறோம் என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். அது 200 டிகிரி வாக்கில் இறுகும் பிளாஸ்டிக், கனல் பக்கம் நிற்காது. எம்-சீலும் அதே கதை. வெளிப்பக்கத்துக்கு பைக் உதிரிபாகக் கடையில் விற்கும் சைலன்சர் பெயின்ட் போதும். துருவை உப்புத்தாளால் எடுத்து, மெல்லியதாக இரண்டு கை. உள்பக்கத்துக்குப் பெயின்டே வேண்டாம், தோசைக்கல்லைப் பழக்குவது போல எண்ணெய் தடவிச் சூடேற்றித் துடைத்து, மூன்று நான்கு முறை செய்தால் கறுப்புப் படலம் பிடித்துக்கொள்ளும்.

கம்பித்தட்டுக்கு அதிகம் மூளை செலவழிக்க வேண்டாம். பழையதில் பளபளப்புப் பூச்சு உரிந்திருந்தால், பற்று விட்ட கம்பி இருந்தால், கழித்துவிட்டுப் புதிது செய்யுங்கள். 57 செ.மீ. கெட்டிலுக்கு மேல் தட்டு 54.5 செ.மீ., கரித் தட்டு 43 செ.மீ. வெளிவளையம் 8 மி.மீ., குறுக்குக் கம்பி 6 மி.மீ., எஸ்.எஸ். 304. மேல் தட்டின் இடைவெளியைப் பட்டறையில் கேட்டால் 15 மி.மீ. என்பார்கள், மத்தி வாட்டுகிறவர்கள் 10 என்று சொல்லிவிடவும். கரித் தட்டுக்கு 15 சரி, கொட்டாங்குச்சிக் கரி போடுவதென்றால் அதற்கும் 10. காந்தம் 'டப்'பென்று ஒட்டினால் அது 304 இல்லை. சட்டிக்குள் தட்டைத் தாங்கும் மூன்று காதுகளில் ஒன்று கீழே பற்றவைக்கப்பட்டிருப்பது பழைய பண்டங்களில் உண்டு. புதுத் தட்டுக்கு அந்த இடத்தில் கம்பித் துண்டு ஒன்றைக் கூடுதலாக வைக்கச் சொன்னால் மட்டம் வந்துவிடும்.

கடைசியாகச் சாம்பல். சமைத்து முடித்த மறுநாள் காலையில் சாம்பலை அள்ளிவிடுங்கள். சாம்பல் காரம், காற்றின் ஈரத்தை இழுக்கும், ஊசித்துளை எங்கே இருக்கிறதோ அங்கே போய் உட்காரும். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்துக் கொட்டும். கூரைக்கடியில் மூடியைச் சற்றுச் சாய்த்து, காற்றுவாய் எல்லாம் திறந்து வைப்பதே போதும். ஐப்பசி அடைமழை தொடங்கும்முன் கால்களைக் கழற்றிக் குழலுக்குள் எண்ணெய் விட்டு, சட்டியைக் கவிழ்த்து வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள்.